தொண்ணூறு லட்சம் பேருக்கு நடுவில் தனியாக: லண்டன் பற்றி ஒரு கேள்வியும் என் குறிப்புகளும்

கேள்வி / 3 நவம்பர் 2024

அடுத்த ஏப்ரலில் பத்து நாள் லண்டன் போகிறேன். தனியாக. போய்வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு: கூட்டம், வரிசை, இடி. எனக்கு வேண்டியது நேர் எதிர். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு ஆளுக்குக் கொஞ்சம் ஏகாந்தம் கிடைக்குமா? இல்லை, தனியாகப் போனால் வெறும் தனிமைதானா? பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பட்டது இருந்தால் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு

கிடைக்கும். போன வாரம்தான் திரும்பி வந்தேன். மூன்று வார அலுவலக வேலை. கூட வந்த இரண்டு பேரும் முதல் வாரத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இரண்டு வாரம் சாயங்காலங்களும் சனி ஞாயிறும் எனக்கே எனக்கு. வயது 51. அதுவரை ஒரு முழு நாள் தனியாக எந்த ஊரிலும் சுற்றியதில்லை.

முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். தங்கின இடத்திலிருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு நடந்தேன். அங்கே கூட்டம். அலுத்துப்போய்க் கிழக்கே திரும்பினேன். நாலு தெரு தள்ளினதும் ஈ காக்கா இல்லை. வங்கிகள், கண்ணாடிக் கட்டடங்கள், சந்துகள், சந்துக்குள் சந்து. எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. சிக்னல் மட்டும் பச்சைக்கும் சிவப்புக்கும் மாறிக்கொண்டிருக்கிறது, யாருக்காக என்று தெரியவில்லை. என் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டேன். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. 'சிட்டி' என்று அவர்கள் சொல்லும் அந்தப் பழைய நகரம் மொத்தமே மூன்று சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலைக்கு வருகிறவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். குடியிருப்பவர்கள் 2021 கணக்கெடுப்பில் ஒன்பதாயிரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடல் உள்வாங்குகிற மாதிரி மொத்தக் கூட்டமும் வடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்பவருக்கு ஆறு லட்சம் பேர் இல்லாமல் போன இடம் கிடைக்கிறது. காட்டில் ஆள் இல்லாதது வேறு. இது ஆட்களுக்காகவே கட்டின இடத்தில் ஆள் இல்லாதது.

அப்படிப் போய்த்தான் செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட் என்ற இடிந்த கோவிலுக்குள் நுழைந்தேன். 1941 குண்டுவீச்சில் கூரை போய்விட்டது. கோபுரமும் வெளிச் சுவர்களும் நிற்கின்றன, உள்ளே தோட்டம். ஜன்னல் வளைவுக்குள் புகுந்து கொடி வெளியே தொங்குகிறது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

4 நவம்பர்

நேற்று எழுதினதில் ஒரு பொய் இருக்கிறது. "ஈ காக்கா இல்லை" என்று எழுதினேன். இருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளும் வரவேற்பு மேசையில் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். ஒரு தெருவில் இரண்டு பெண்கள் துடைப்பமும் வாளியுமாக வேலை முடித்து வெளியே வந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதெப்படி எனக்கு நேற்று எழுதும்போது அவர்கள் ஞாபகத்துக்கே வரவில்லை? என் அலுவலகத்தைப் பெருக்குகிறவர் என் முன்னால் நடந்து போனாலும் "யாரும் இல்லை" என்றுதான் சொல்வேன் போல.

ஆக, ஞாயிற்றுக்கிழமை 'சிட்டி' காலி இல்லை. சம்பளத்துக்காக அங்கே இருந்தாக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

செயின்ட் டன்ஸ்டனிலும் முக்கால் மணி நேரம் தனியாக இருந்ததாக எழுதவில்லை, கவனியுங்கள். நடுவில் கல்யாண ஜோடி ஒன்று போட்டோகிராபரோடு வந்தது. மணப்பெண்ணின் பாவாடையைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பிடித்தேன்.

4 நவம்பர், பிறகு

"ஏகாந்தம் வேறு, தனிமை வேறு" என்று இரண்டு பேர் பாடம் எடுத்திருக்கிறீர்கள். அகராதியில் சரி. ஆனால் பேச்சில் நாம் 'தனிமை' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்கிறோம். தனிமையில் இனிமை என்றும் சொல்வோம், தனிமை கொல்கிறது என்றும் சொல்வோம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஒன்று எப்போது முடிந்து மற்றது எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது.

இவ்வளவு பேருக்குத் தனிமை கிடைக்கிற அந்த நாட்டில்தான் 2018 ஜனவரியில் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். விளையாட்டுத் துறை அமைச்சர் டிரேசி கிரவுச் கையில் அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் படித்தபோது சிரித்தேன். பேருந்தில் தினமும் ஒரே நேரத்தில் ஏறி, ஓட்டுநரிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்குகிற கிழவரைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அங்கே பேருந்தில் காசு வாங்குவதை 2014லேயே நிறுத்திவிட்டார்கள். அட்டையைத் தட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அவசியம் இல்லாமல் பேசினார்.

6 நவம்பர்

"பெண் தனியாக, பயமாக இல்லையா?" இருந்தது. முதல் மூன்று நாள் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். தோள்பட்டை வலித்தது. இருட்டிய பிறகு ஆள் இல்லாத சந்தைத் தவிர்த்தேன், இன்றைக்குப் போனாலும் தவிர்ப்பேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு ரசித்த அதே தெருவை இரவு பத்து மணிக்கு ரசிக்க மாட்டேன். அந்த அளவுக்கு என் ஏகாந்தம் கடிகாரம் பார்த்து வருவது.

நாலாவது நாள் வேறொன்று நடந்தது. ஒரு கடை ஜன்னலில் என் உருவத்தைப் பார்த்தேன். தலை கலைந்து, வாய் லேசாகத் திறந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போகிறேன். பகீரென்றது. சட்டென்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது போல நடிக்கவும் இல்லை. அவரவர் பாட்டுக்குப் போனார்கள். எத்தனை வருஷமாக யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடேயே முகத்தை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. அந்த முகத்தைக் கழற்றி வைத்ததுதான் எனக்கு அங்கே கிடைத்த ஓய்வு. ஆள் இல்லாத இடத்தில் அது கிடைக்கவில்லை, ஆக்ஸ்ஃபோர்ட் தெரு நெரிசலில்தான் கிடைத்தது.

இதைச் சொன்னதும் அக்கா போனில், "அப்ப உனக்கு என்ன ஆனாலும் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லு" என்றாள். அதுவும் சரிதான்.

6 நவம்பர், ஒரு இடைச்செருகல்

சுரங்க ரயில் வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள். ஹாரி பெக் என்பவர் 1931ல் வரைந்தது, 1933ல் அச்சாகி வந்தது. கோடெல்லாம் நேராகவும் சாய்வாகவும் அழகாக இருக்கும். நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. நான் லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயில் ஏறினேன். இடையே முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏறி, உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டது. அங்கே லிஃப்ட்டுக்குக் கூட்டம் நின்றது. நான் பெரிய ஆள் மாதிரி படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். 193 படி. சுழல் படி. அறிவிப்புப் பலகை இருந்தது, படித்தேன், நம்பவில்லை.

நூறாவது படியில் உட்கார்ந்தேன். மேலேயும் கீழேயும் ஒருவரும் இல்லை. நீங்கள் கேட்ட ஏகாந்தம் அதுதானோ என்னவோ. எனக்கு மூச்சு வாங்கினதில் ரசிக்க முடியவில்லை.

9 நவம்பர்

தேம்ஸ் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு மறக்க முடியாத இடம் அதுதான், ஆற்றங்கரை இல்லை, ஆற்றுக்குள்.

லண்டன் நடுவில் ஓடினாலும் அது கடலோடு ஏறி இறங்குகிற ஆறு. நகர மையத்தில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும், அதாவது நீர் ஏறி நிற்பதற்கும் இறங்கி நிற்பதற்கும், வித்தியாசம் ஏழு மீட்டர் வரை போகும். இரண்டு மாடி உயரம். நீர் இறங்கும்போது சுவருக்குக் கீழே ஒரு கூழாங்கல் கரை வெளிப்படும். தென்கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பக்கம் படியில் இறங்கினேன். பாசி வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் இறங்க வேண்டும். இறங்கி இருபது அடி நடந்ததும் நகரத்தின் சத்தம் தலைக்கு மேலே போய்விட்டது. சுவருக்கு மேலே நூற்றுக்கணக்கான பேர் நடக்கிறார்கள், மில்லேனியம் பாலத்தில் கூட்டம் அசைகிறது, அவர்களுடைய இடுப்புக்கு மேலேதான் எனக்குத் தெரிகிறது. நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் தெரியும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காலடியில் ஓடு, எலும்பு, துருப்பிடித்த ஆணி, புகையிலை பிடிக்கும் பழைய களிமண் புகைக்குழாயின் உடைந்த தண்டு. வெள்ளையாக, சாக்பீஸ் துண்டு மாதிரி. எந்தக் காலத்தில் எவன் குடித்துவிட்டு வீசினானோ. ஒரு படகு போனது. ஒரு நிமிஷம் கழித்து அதன் அலை வந்து கல்லையெல்லாம் கலகலவென்று உருட்டிவிட்டுத் திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னும் மூன்று படகுக்குக் காத்திருந்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஆசையாகப் போனேன். நான் முன்தினம் கடைசியில் உட்கார்ந்திருந்த கல்லைக் காணோம். கரையே ஒடுங்கி, தண்ணீர் கிட்டே நின்றது. அடுத்த ஓதம் வர ஏறக்குறைய பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். அதனால் வற்றம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். முன்தினம் நீர் வடிந்து முடிந்த நேரத்தில் நான் நின்றேன், மறுநாள் அதே நேரத்தில் அது இன்னும் வடிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நகரத்துக்குள் நிற்கும்போது நிலாவை யார் நினைக்கிறார்கள்?

இறங்குகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். நீர் ஏறும்போது வேகமாக ஏறும், சில இடங்களில் அடுத்த படி வெகு தூரத்தில் இருக்கும். திரும்பி ஏறும் படியைக் கண்ணிலேயே வைத்திருங்கள்.

10 நவம்பர்

திருத்தம். ஒருவர் சுட்டிக்காட்டிவிட்டார், நன்றி. கரையில் எதையும் தேடிப் பொறுக்கத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். தோண்ட மட்டும் இல்லை, மேலாகக் கிடப்பதைத் தேடி எடுக்கவும்தான். எனக்கு அப்போது தெரியாது. அந்தப் புகைக்குழாய்த் தண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது உண்மை. கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யோக்கியத்தனத்தால் இல்லை. பையில் போட்டிருந்தால் விமான நிலையத்தில் யாராவது "இது என்ன" என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

13 நவம்பர்

"மொத்தத்தில் எந்த இடம்?" என்று மறுபடி கேட்கிறீர்கள். பட்டியல் வேண்டாம் என்றீர்கள், ஒன்று சொல்கிறேன்.

போஸ்ட்மேன்ஸ் பார்க். செயின்ட் பால்ஸிலிருந்து ஐந்து நிமிஷ நடை. 1880ல் திறந்தது. பக்கத்தில் அந்தக் காலத்தில் தலைமைத் தபால் நிலையம் இருந்தது, தபால்காரர்கள் மதியம் வந்து உட்காருவார்கள், அதனால் அந்தப் பெயர். பூங்கா என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். நாலு பக்கமும் கட்டடம், நடுவில் கொஞ்சம் பச்சை, பெஞ்சுகள். ஒரு பக்கம் மரக் கூரை போட்ட தாழ்வாரம். அதன் சுவர் முழுக்கப் பீங்கான் ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவு.

ஜி. எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் வைத்த ஏற்பாடு, 1900ல் திறந்தார்கள். அடுத்தவரைக் காப்பாற்றப் போய்ச் செத்த சாதாரண ஜனங்களுக்கு நினைவுச் சின்னம். ஆலிஸ் அயர்ஸ் என்று ஒரு பெண், கொத்து வேலையாளின் மகள், 1885ல் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தாள். ஆற்றில் மூழ்கியவனைத் தூக்கப் போனவர், ரயில் முன்னாலிருந்து ஒருவரைத் தள்ளிக் காப்பாற்றியவர் என்று ஐம்பதுக்கு மேல். சிலவற்றில் இரண்டே வரி. படிக்கப் படிக்க, இந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது வாயிலேயே கசந்தது.

என் அலுவலகம் அங்கிருந்து நடக்கும் தூரம். மதிய இடைவேளைக்குத் தினமும் போனேன். எதிர் பெஞ்சில் ஒருவர் வருவார். அறுபது வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டு, மடித்த செய்தித்தாள், அதில் குறுக்கெழுத்து. நான் பன்னிரண்டே முக்காலுக்குப் போனால் அவர் இருப்பார். அவர் எழுந்து போனால் ஒன்றரை ஆகிவிட்டது என்று அர்த்தம், நானும் எழுந்துவிடுவேன். எட்டு நாள். ஒரு வார்த்தை இல்லை. எட்டாவது நாள், வியாழன், எனக்குக் கடைசிக்கு முந்தின வேலை நாள். போகப் போகிறோமே என்று ஒரு உந்துதல். உட்காரும்போது தலையசைத்தேன். அவரும் கொஞ்சம் திடுக்கிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் அவர் வரவில்லை.

14 நவம்பர்

நேற்று எழுதிவிட்டுத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறையாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம். அங்கே பலர் வெள்ளியன்று வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். முதல் வெள்ளி வந்திருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

ஆனால் மனசு வேறு கணக்குப் போடுகிறது. அவர் அங்கே வந்தது என்னைப் போலவே ஒருவரும் தன்னிடம் எதுவும் கேட்காத முக்கால் மணி நேரத்துக்காக. தலையசைத்தால் நாளைக்கு வணக்கம், நாளன்றைக்கு மழை பற்றிப் பேச்சு, அப்புறம் "எங்கே வேலை?" நான் அவருடைய பெஞ்சைக் கெடுத்துவிட்டேன்.

ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், பழகிய அந்நியர் என்ற பொருளில். ரயில் நிலையங்களில் காலையில் நிற்பவர்களைப் படம் எடுத்து, பிறகு அதே ஆட்களிடம் காட்டி, இதில் யாரைத் தெரியும், யாரோடு பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வருஷக்கணக்காகப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாத முகங்கள் பெரும்பாலானவர்களுக்கு இருந்தன. பேசாமல் இருப்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் மாதிரி. அதே நிலையத்தில் பேசாதவர்கள் வெளியூரில் சந்தித்தால் ஓடிவந்து பேசிவிடுவார்களாம். எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தக் கோட்டு மனிதரை நான் வேறு ஏதாவது தேசத்து விமான நிலையத்தில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

17 நவம்பர்

நல்லதை மட்டும் எழுதுகிறேன் என்று ஒருவருக்குக் குறை. சரி.

அக்டோபர் 27. அன்று விடிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு செய்வது. இலவசமாக ஒரு மணி நேரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் அதை வட்டியோடு பிடுங்கிக்கொண்டார்கள். நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. முந்தின நாள் அதே வெளிச்சம் ஐந்தே முக்காலுக்குப் போனது. ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது? வந்தது. அறையில் ஹீட்டர் சத்தம். பெட்டி கட்டியாகிவிட்டது. அக்காவுக்கு போன் போட்டால் அங்கே நள்ளிரவு நெருங்கும். யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்பதற்கு எதுவும் இல்லை.

எழுந்து போய் 24ஆம் எண் பேருந்தில் ஏறினேன். பிம்லிகோவிலிருந்து ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வரை. அன்றைக்கு 1.75 பவுண்ட், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே காசு. மேல் தளம், முன் இருக்கை, பெரிய கண்ணாடி. மரக்கிளைகள் கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு பையன் தூங்கி வழிந்து என் தோளில் சாய்ந்தான். கேம்டன் வரைக்கும் நான் அசையவில்லை. அவன் விழித்து, "சாரி" என்று சொல்லி, இறங்கிப் போனான். அந்த இரண்டு வாரத்தில் என் மேல் பட்ட ஒரே மனித உடம்பு அதுதான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பக்கம் போய், அதே 24இல் திரும்பி வந்தேன்.

திரும்பும் டிக்கெட் பையில் இருந்ததால்தான் அந்த இரண்டு வாரம் எனக்கு ஏகாந்தம் என்று தோன்றியது. இல்லாதவர்களுக்கு அது அந்தச் சாயங்காலம் மாதிரியே தினமும் இருக்கலாம். கேட்டவருக்குப் பத்து நாள்தான், பயமில்லை.

18 நவம்பர்

கால்வாய் பற்றிக் கேட்டவருக்கு: ரீஜென்ட்ஸ் கால்வாய், 1820ல் முடிந்தது, பாடிங்டனிலிருந்து லைம்ஹவுஸ் வரை. நடக்கலாம், அருமை. இஸ்லிங்டனில் கால்வாய் சுரங்கத்துக்குள் போய்விடும். அதில் நடைபாதை கிடையாது. குதிரை இழுத்த காலத்தில் படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். நீங்கள் மேலே தெருவில் நடந்து அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் வழி தவறி ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். சைக்கிள்காரர்கள் மணி அடித்தால் ஒதுங்குங்கள். அங்கே ஏகாந்தத்துக்கு வாய்ப்பு கம்மி.

24 நவம்பர்

போனில் இருந்த படங்களை இன்றுதான் கணினிக்கு மாற்றினேன். போஸ்ட்மேன்ஸ் பார்க் சுவரை இரண்டாவது நாள் எடுத்திருக்கிறேன், தாழ்வாரம் முழுதும் வருகிற மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில் அவர். சாம்பல் கோட்டு. பெஞ்சிலிருந்து பாதி எழுந்த நிலையில், ஒரு கையில் செய்தித்தாள், உடம்பு படத்துக்கு வெளியே சாய்ந்திருக்கிறது. என் படத்தில் குறுக்கே வரக்கூடாது என்று நகர்ந்திருக்கிறார். எடுக்கும்போது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாவது நாளே அவர் என்னைக் கவனித்திருக்கிறார்.

அந்தப் படத்தை இங்கே போடச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போடவில்லை. முகம் தெரிகிறது.